'டாட்ஜி' என்று கிளையண்ட் சொன்னால்: பிரிட்டன் டீமுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலைக்குச் சேர்ந்து, உங்களைப் பிரிட்டன் கிளையண்ட் பார்க்கும் டீமில் போட்டிருந்தால், ஒரு சொல் சீக்கிரமே காதில் விழும்: டாட்ஜி. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அகராதியைப் பிரித்தால் நேர்மையற்ற, நம்பகமற்ற, ஆபத்தான என்று மூன்று அர்த்தம் வரிசையாக நிற்கும். இதில் எதை எடுப்பது என்பதுதான் சிக்கல். தப்பானதை எடுத்தால், யாரோ நம்மைத் திருடன் என்று சொல்லிவிட்டதாக நினைத்து ராத்திரித் தூக்கம் போய்விடும்.

சும்மா சொல்லவில்லை. இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சென்னையில் மதியம் இரண்டரை, லண்டனில் காலை ஒன்பது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் அனுப்பிய ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கிளையண்ட் சொல்கிறார்: 'த ட்யூஸ்டே நம்பர்ஸ் லுக் எ பிட் டாட்ஜி.' அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போகிறது. மைக்கை மியூட்டில் போட்டுவிட்டுப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "அண்ணா, நான் எதையும் மாத்தலண்ணா, சிஸ்டத்துல வந்ததை அப்படியேதான் போட்டேன்" என்கிறாள். அவர், "உன்னைச் சொல்லலம்மா, நம்பரைச் சொல்றாரு. எங்கயோ இடிக்குதுங்கறாரு. எந்த ஃபைல்னு பார்த்துட்டு சொல்றேன்னு சொல்லு" என்கிறார். பார்த்தால் செவ்வாய்க்கிழமை ஃபைல் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த அண்ணன் செய்ததைத்தான் நீங்களும் செய்யப் பழக வேண்டும். டாட்ஜி என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

முதல் படி: 'ஒரு மாதிரி'யில் தொடங்குங்கள்

அகராதியை மூடி வைத்துவிட்டு நம் வீட்டுப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சத்தம் ஒரு மாதிரி வருது. குழம்பு வாடை ஒரு மாதிரி இருக்கு. முழங்கால் ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு. அந்த புரோக்கர் பேச்சு ஒரு மாதிரி இருக்கு. இந்த நான்கு இடத்திலும் லண்டன்காரர் தயங்காமல் டாட்ஜி போடுவார். நான்கிலும் சொல்ல வருவது ஒன்றுதான்: என்ன கோளாறு என்று அறுதியிட்டுச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் நம்பி இறங்க மனசு வரவில்லை.

இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்திவிடாது. 'மனசு ஒரு மாதிரி இருக்கு' என்பதற்கு டாட்ஜி வராது. அங்கே பேசுவது வருத்தம். 'ஒரு மாதிரியா வேலையை முடிச்சேன்' என்பதற்கும் வராது. அப்புறம், நம் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி 'அவ ஒரு மாதிரி' என்று இழுத்துச் சொன்னால் அதில் ஒரு அசிங்கமான உள்ளர்த்தம் இருக்கும். டாட்ஜியில் அந்த நெடி இல்லை. ஆளைப் பற்றிச் சொல்லும்போது அது பெரும்பாலும் பணத்தையும் நாணயத்தையும் உள்நோக்கத்தையும்தான் குறி வைக்கும்.

இந்தச் சொல்லின் தாய், டாட்ஜ் என்ற வினைச்சொல். விலகித் தப்பிப்பது, டபாய்ப்பது. அந்தத் தாய் நமக்கு ஏற்கெனவே பழக்கம்தான். வியாசர்பாடி கால்பந்து மைதானத்தில் பந்தோடு எதிராளியை ஏமாற்றித் தாண்டினால், 'டாட்ஜ் அடிச்சுட்டான்' என்பார்கள். அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்குப் பெயர் வந்ததும் இதே வழியில்: அணி ப்ரூக்ளினில் இருந்த காலத்தில், அந்த ஊர்க்காரர்கள் தெருவில் ஓடும் டிராம்களுக்கு விலகி விலகிப் போனதைக் கிண்டல் செய்து வைத்த பெயர் அது. (மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895இல். அந்தப் பெயரை நம் ஊரும் கேட்டிருக்கலாம்.) தீவுத்திடல் பொருட்காட்சியில் நாம் டாஷிங் கார் என்கிறோமே, அதற்கு பிரிட்டனில் பெயர் டாட்ஜம்ஸ். நாம் இடிப்பதை வைத்துப் பெயர் வைத்தோம், அவர்கள் தப்பிப்பதை வைத்து.

ஆனால் ஒன்று: டாட்ஜ் வினை, டாட்ஜி பெயரடை. 'ஹீ டாட்ஜ்ட் த கொஸ்டின்' என்றால் கேள்விக்கு டிமிக்கி கொடுத்தார் என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். டாட்ஜி என்றால் உங்களுக்குச் சந்தேகம், அவ்வளவே. 'அவன் டாட்ஜி பண்றான்' என்று சிலர் கலந்து பேசுகிறார்கள். அது இரண்டுக்கும் நடுவில் விழுந்த பேச்சு, விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மெஷின், ஒயர், கனெக்‌ஷன் என்றால் டாட்ஜி என்பது 'மக்கர்'. டாட்ஜி ப்ரேக், டாட்ஜி வைஃபை, டாட்ஜி சார்ஜர். சார்ஜர் ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் ஏறுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் அது அசல் டாட்ஜி. சுத்தமாகச் செத்துப்போன சார்ஜரை டாட்ஜி என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு டெட் என்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் புதுசு வாங்க வேண்டியதுதான். வேலை செய்தும் செய்யாமலும் உயிரை வாங்குவதற்குத்தான் இந்தச் சொல். கோளாறை டிக்கெட்டாகப் பதியும்போது இந்த வித்தியாசம் முக்கியம். கிளையண்ட் 'டாட்ஜி கனெக்‌ஷன்' என்று சொன்னதை நீங்கள் 'கனெக்‌ஷன் டவுன்' என்று பதிந்தால், நெட்வொர்க் ஆட்கள் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று மூடிவிடுவார்கள். 'விட்டு விட்டு வருகிறது' என்று எழுதுங்கள்.

உடம்பு என்றால் டாட்ஜி நீ, டாட்ஜி பேக், டாட்ஜி டம்மி. மூட்டு, முதுகு, வயிறு. பழைய வலி, அல்லது சின்னத் தொந்தரவு. பெரிய வியாதிக்கு இந்தச் சொல் லேசானது. தன் நோயைப் பற்றி அவரே வேடிக்கையாகச் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது.

சாப்பாடு. சென்னைக்கு வந்திருக்கும் கிளையண்ட் மறுநாள் காலையில் முகம் வெளுத்து, 'ஐ திங்க் ஐ ஹேட் எ டாட்ஜி ப்ரான்' என்றால், கெட்டுப்போன இறால் ஒன்று உள்ளே போய்விட்டது, வயிறு கலக்குகிறது என்று அர்த்தம். நம் ஊர் இறாலின் பெருமையைப் பேச அது நேரமில்லை. மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று: காரம், பழக்கமில்லாத ருசி, இதெல்லாம் டாட்ஜி ஆகாது. ஊசிப்போனதோ, ஊசிப்போயிருக்குமோ என்ற சந்தேகம் வருவதோதான் டாட்ஜி.

தகவல், எண்கள், ஆதாரம். இங்கே 'இடிக்குது'. டாட்ஜி டேட்டா, டாட்ஜி நம்பர்ஸ், டாட்ஜி சோர்ஸ். யார் தப்பு என்ற கேள்வி இதில் இன்னும் வரவில்லை. ஆனால் வரவும் செய்யும், அதற்குப் பிரிட்டன் அரசியலிலேயே உதாரணம் இருக்கிறது. 2003 பிப்ரவரியில், ஈராக் போருக்குச் சற்று முன்பு, பிரிட்டன் அரசு ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. அதில் பெரும்பகுதி ஓர் ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து, பெயர்கூடச் சொல்லாமல் எடுத்து ஒட்டியது என்பது சில நாளில் வெளியே வந்தது. மூலத்தில் இருந்த பிழைகள்கூட அப்படியே வந்திருந்தன. பத்திரிகைகள் அதற்கு 'டாட்ஜி டாசியே' என்று பெயர் வைத்தன (டாசியே என்றால் ஆவணத் தொகுப்பு). இன்றுவரை அந்தப் பெயர்தான். அந்த இரண்டு சொல்லில் தரம் மட்டம் என்பதும் இருக்கிறது, ஏமாற்று வேலை என்பதும் இருக்கிறது. ஒரு சொல் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்பதுதான் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கிறது.

லிங்க், மெயில், மெசேஜ் என்றால் சந்தேகமே வேண்டாம், மோசடி வாடை. 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று வரும் எஸ்எம்எஸ் இருக்கிறதே, அதுதான் டாட்ஜி மெசேஜ். பணம் போய்விட்டால் டாட்ஜி என்ற சொல்லை யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

டீல், ஆஃபர், காண்ட்ராக்ட். இங்கே நம் கோல்மால் வந்துவிடுகிறது. வேளச்சேரியில் வீடு தேடுகிறீர்கள். வீட்டைக் காட்டும் முன்பே டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார் ஒருவர், சாவி இப்போது கையில் இல்லை என்கிறார், ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார் என்கிறார். 'சவுண்ட்ஸ் டாட்ஜி' என்று லண்டன் நண்பர் சொன்னால், பணம் கொடுக்காதே என்று அர்த்தம்.

இப்போது ஆள். இங்கே சொல்லின் எடை மாறிவிடுகிறது. டாட்ஜி ப்ரேக் என்று சொன்னால் ப்ரேக் கோபித்துக்கொள்ளாது. டாட்ஜி மேனேஜர் என்று சொன்னால் அது குற்றச்சாட்டு: அந்த ஆள் சுத்தமில்லை, கை சுத்தமில்லை. 2016 ஏப்ரலில், வெளிநாட்டு ரகசிய முதலீடுகளை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் வெளிவந்து, அப்போதைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனின் தந்தை நடத்திய வெளிநாட்டு முதலீட்டு நிதி பேச்சாகியிருந்த நேரம். டென்னிஸ் ஸ்கின்னர் என்ற மூத்த உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கேமரூனை 'டாட்ஜி டேவ்' என்றார். சபாநாயகர் ஜான் பெர்கோ அந்தச் சொல்லைத் திரும்பப் பெறச் சொன்னார். ஸ்கின்னர் மறுத்து, திரும்பவும் அதையே சொன்னார். அன்றைய நாள் முழுக்க அவையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பேச்சு வழக்குச் சொல்தானே என்று நாம் லேசாக நினைப்பதை, அந்த ஊர் நாடாளுமன்றமே லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் சக ஊழியர், வெண்டர், கிளையண்டின் ஆள் யாரையும் இந்தச் சொல்லால் குறிக்காதீர்கள். சாட்டில் எழுதவே எழுதாதீர்கள், சாட் அழியாது.

கடைசியாக இடம். 'டாட்ஜி ஏரியா' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருட்டான சப்வேயையோ, விளக்கு எரியாத பார்க்கிங்கையோ அப்படிச் சொன்னால் சரி, அங்கே பிரச்சினை விளக்கில் இருக்கிறது. ஒரு பேட்டையை முழுசாக அப்படிச் சொன்னால் அங்கே குடியிருப்பவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுகிறது. நம்மவர்களே வடசென்னையைப் பற்றி, ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காமல், தமிழில் இதே வேலையைச் செய்வதுண்டு. கிளையண்ட் வண்ணாரப்பேட்டையைப் பற்றிக் கேட்டால் 'கூட்டமாக இருக்கும், துணி மலிவாகக் கிடைக்கும், மெட்ரோவில் போகலாம்' என்று இருப்பதைச் சொல்லுங்கள்.

பெயர்ச்சொல் மாறினால் எடை எப்படி மாறுகிறது என்பதை ஒரே ஆட்டத்துக்குள் பார்க்க வேண்டும் என்றால் கிரிக்கெட் போதும். 2021 பிப்ரவரி, சேப்பாக்கம், இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட். பந்து தாறுமாறாகத் திரும்பியது, நம் அஸ்வின் ஐந்து விக்கெட்டும் எடுத்து நூறும் அடித்தார், இந்தியா 317 ரன்னில் வென்றது. பிட்சைப் பற்றி இங்கிலாந்துப் பக்கம் ஏகப்பட்ட புலம்பல். அந்த மாதிரி நேரத்தில் ஒருவர் 'டாட்ஜி பிட்ச்' என்றால் அது டீக்கடை வாக்குவாதம். நீங்களும் சிரித்துக்கொண்டே சண்டை போடலாம். 'டாட்ஜி ஹேம்ஸ்ட்ரிங்' என்றால் தொடைத் தசை பிடித்துக்கொள்கிறது, பாவம். 'டாட்ஜி ஆக்‌ஷன்' என்றால் கதை வேறு: பவுலர் பந்தை எறிகிறார் என்கிறீர்கள். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்று விதி இருக்கிறது, அதற்குச் சோதனை இருக்கிறது. அதிகாரபூர்வமாக எழுதும்போது 'சஸ்பெக்ட் ஆக்‌ஷன்' என்றுதான் எழுதுவார்கள்.

மூன்றாம் படி: 'எ பிட்' என்பதைக் கொஞ்சம் என்று எடுக்காதீர்கள்

லண்டன்காரர் 'எ பிட் டாட்ஜி' என்று மென்மையாகச் சொன்னால், பல நேரம் விஷயம் பெரிதாகவே இருக்கும். பதமாகச் சொல்வது அவர்கள் பழக்கம். அந்த 'எ பிட்'டை நம்பி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். 'ப்ரெட்டி டாட்ஜி' என்றால் உடனே எழுந்திருங்கள். 'வெல் டாட்ஜி' என்பது அவர்களுடைய தெருப்பேச்சு. அதில் வெல் என்றால் 'ரொம்ப'. நல்லது என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

நீங்கள் சொல்ல நேரும்போது லுக்ஸ், சவுண்ட்ஸ், ஃபீல்ஸ் இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இட் இஸ் டாட்ஜி' என்பதைவிட 'இட் லுக்ஸ் டாட்ஜி' பாதுகாப்பு. எனக்கு அப்படித் தெரிகிறது என்கிறீர்கள். தப்பாகப் போனால் பின்வாங்க வழி இருக்கும்.

நான்காம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

அமெரிக்க கிளையண்டிடம் டாட்ஜி அவ்வளவாகக் கேட்காது. அவர்கள் ஆளையும் இடத்தையும் ஸ்கெட்சி, ஷேடி என்பார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பிரிட்டன்காரர் 'த டீடெய்ல்ஸ் ஆர் ஸ்கெட்சி' என்றால் விவரம் முழுசாக வரவில்லை, அரைகுறையாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

ஃபிஷி, நடந்த சம்பவத்தில் ஏதோ மறைக்கிறார்கள் என்ற வாசனை. ஐஃபி, நடக்குமா நடக்காதா என்ற இழுபறி. 'இஃப்' என்பதிலிருந்து வந்தது. டைசி, பகடை உருட்டுவதிலிருந்து வந்தது, ரிஸ்க் அதிகம். வோங்கி, கோணல், மேஜைக் கால் ஆடினால் அது. சஸ் என்பது சந்தேகத்துக்குச் சின்னப் பையன்களின் சொல், 2020இல் ஒரு மொபைல் விளையாட்டோடு வீட்டுக்கு வீடு பரவியது. மீட்டிங்கில் வேண்டாம்.

ஐந்தாம் படி: எழுத்தில் வந்தால் மாற்றிவிடுங்கள்

பேச்சில் கிளையண்ட் முதலில் போட்டால் நீங்களும் போடலாம், அதுவும் பொருளைப் பற்றி மட்டும். எழுத்தில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

ரிப்போர்ட்டிலும் மெயிலிலும் எண் இடித்தால் 'டிஸ்கிரெபன்சி' என்று எழுதுங்கள், எந்த வரி, எந்தத் தேதி என்பதோடு. மக்கர் செய்யும் மெஷினுக்கு 'ஃபால்ட்டி' அல்லது 'இன்டர்மிட்டென்ட்'. லிங்க்கோ மெயிலோ என்றால் செக்யூரிட்டி டீமுக்கு 'சஸ்பீஷியஸ்'. போலீஸ் புகாரிலும் வங்கிக் கடிதத்திலும் அதே சொல். லீவு மெயிலில் 'அன்வெல்' போதும், வயிற்று விவரம் எச்ஆருக்குத் தேவையில்லை. ஆளைப் பற்றி என்றால் எந்தப் பெயரடையும் வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதி, முடிவை மேலே இருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். 'வெண்டர் இஸ் டாட்ஜி' என்பதைவிட 'ஒரே இன்வாய்ஸ் மார்ச்சிலும் ஏப்ரலிலும் வந்திருக்கிறது' என்பது பத்து மடங்கு வேலை செய்யும்.

உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும்

தமிழில் டாட்ஜி என்று நெடிலாக எழுதுகிறோம். பிரிட்டனில் முதல் எழுத்து குறில், உதட்டைக் கொஞ்சம் குவித்துச் சொல்வார்கள். 'டொஜ்ஜி' என்று வேகமாகச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். நடுவில் இருக்கும் ஜகரத்தைக் ககரமாக்கிவிடாதீர்கள். ஆக்கினால் நாய்க்குட்டியைக் கொஞ்சும் 'டாகி' ஆகிவிடும்.

எழுதும்போதும் அதே ஆபத்து. டாட்ஜ் என்பதன் கடைசியில் இருக்கும் ஈ எழுத்தை எடுத்துவிட்டு ஒய் போட வேண்டும். நடுவில் டி, ஜி இரண்டும் கட்டாயம். டி போக வேண்டிய இடத்தில் விரல் தவறி இன்னொரு ஜி விழுந்தால் ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் அதுவும் சரியான சொல். 'டாகி டேட்டா' என்று கிளையண்ட் சேனலில் போய் உட்கார்ந்துவிட்டால், அடுத்த அப்ரைசல் வரைக்கும் டீம் முழுக்க உங்களைப் பார்த்துக் குரைக்கும்.